மேரி புரூஸ்டரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1620இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் போனவர்களை ஏற்றிச்சென்ற மேஃபிளவர் கப்பலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஆனால் வில்லியம் புரூஸ்டரை, 'குடும்பத்தோடு அமெரிக்கா போன பியூரிட்டன் பாதிரியார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனதுக்கு வருத்தமாக இருந்தது.

அவர் பாதிரியார் அல்ல, சபை மூப்பர். அமெரிக்காவில் அவர்கள் குடியேறிய பிளைமவுத்தில் போதகர் இல்லாத வருடங்களில் அவர்தான் பிரசங்கம் செய்தார். ஆனால் குருப்பட்டம் பெறாதவர் என்பதால் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கவில்லை. பியூரிட்டன்கள் இங்கிலாந்து திருச்சபைக்குள் இருந்துகொண்டே அதைத் திருத்தப் பார்த்தார்கள். புரூஸ்டரும் அவரைச் சேர்ந்தவர்களும் அதை விட்டே விலகித் தனியாகச் சபை கூடினார்கள். அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம். அந்தக் குடும்பம் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

இத்தனைக்கும் அவர் வசதியாக இருந்தவர். எலிசபெத் ராணியின் செயலர் டேவிசனிடம் வேலை பார்த்தவர். பிறகு லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருவழியில், ஸ்குரூபி என்ற ஊரில், அரசாங்க அஞ்சல் நிலையத்தை நடத்தினார். அங்கே அவர் வீட்டில்தான் சபை கூடியது. 1607இல் லிங்கன்ஷயரின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ரகசியமாகத் தப்பப் பார்த்தபோது, காசு வாங்கிய கப்பல்காரனே காட்டிக்கொடுத்துவிட்டான். பெண்களைக்கூட விடாமல் சோதனை போட்டுப் பணத்தைப் பிடுங்கினார்கள். அதிக நாள் சிறையில் கிடந்த ஏழு பேரில் புரூஸ்டரும் ஒருவர்.

அடுத்த வருடம் எப்படியோ ஹாலந்து போய்ச் சேர்ந்தார்கள். 1609இல் லைடன் நகரில் ஒரு குழந்தையைப் பறிகொடுத்தார்கள். அங்கே மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த புரூஸ்டர், அப்புறம் அச்சகம் ஒன்றும் தொடங்கினார். அதில் அச்சான புத்தகங்கள் ஜேம்ஸ் மன்னருக்குக் கோபமூட்டவே, 1619இல் அச்செழுத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். புரூஸ்டர் தலைமறைவானார்.

அவர் குடும்பத்தோடு போனார் என்பதும் பாதிதான் சரி. 1620இல் மேஃபிளவரில் அவரோடும் மனைவி மேரியோடும் போனவர்கள் லவ், ரெஸ்லிங் என்ற இரண்டு மகன்கள் மட்டுமே. மூத்த மகன் ஜோனதன் 1621இல் வந்தார். பேஷன்ஸ், ஃபியர் என்ற இரண்டு பெண்பிள்ளைகளும் 1623இல்தான் வந்து சேர்ந்தார்கள். மூன்று வருடம் பெற்ற மகள்களைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு அந்தத் தாய் எப்படித்தான் இருந்தாரோ! பெற்றோர் இல்லாமல் கப்பலேற்றப்பட்ட மோர் குடும்பத்துப் பிள்ளைகள் நான்கு பேரில் இருவர் புரூஸ்டர் குடும்பத்தின் பொறுப்பில்தான் வந்தார்கள். அந்த நால்வரில் பிழைத்தது ரிச்சர்ட் ஒருவன்தான்.

முதல் குளிர்காலத்தில் வந்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள். நோய் உச்சத்தில் இருந்தபோது எழுந்து நடமாடியவர்கள் ஆறேழு பேர். அவர்களில் ஒருவரான புரூஸ்டர், தன்னைவிட இளையவர்களுக்கெல்லாம் விறகு சுமந்தார், சமைத்துக் கொடுத்தார், அழுக்குத் துணி துவைத்தார். அதே கப்பலில் வந்து, பிளைமவுத்தின் ஆளுநராகவும் இருந்த பிராட்ஃபோர்டே பக்கத்தில் இருந்து பார்த்து இதை எழுதிவைத்திருக்கிறார். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

1621 அறுவடை விருந்தைக் கட்டுரை விரிவாக விவரிக்கிறது. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசாயிட்டோடு வந்த ஆண்கள் 90 பேர் மூன்று நாள் விருந்துண்டதைச் சொல்லும் கட்டுரையாளர், கப்பலில் வந்த 18 வயதுவந்த பெண்களில் அப்போது உயிரோடு இருந்தவர்கள் நான்கே பேர் என்பதைச் சொல்லவில்லை. அந்த நால்வரில் ஒருவர் மேரி. அவர் 1627இல் இறந்தார். மகள்கள் இருவரும் 1634இல் இறந்தார்கள். புரூஸ்டர் 1644 வரை இருந்தார். அவர் விட்டுப்போன புத்தகங்கள் மட்டும் சுமார் 400.

இந்தத் தொடர் இன்னும் வரும் என்றால், லைடன் வருடங்களுக்கும் மேரி போன்ற பெண்களுக்கும் தனியாக ஒரு கட்டுரை ஒதுக்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை