நீங்கள் இல்லாமல் தொடங்குகிறோம், அண்ணா

அண்ணா,

வருகிற சனிக்கிழமை இரவு 9 மணிக்கு நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை, ஆளுக்கொரு கேரக்டராகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்துவோமே அதை, மறுபடி தொடங்குகிறோம். அதே உலகம், அதே சுரங்கம், விட்ட இடத்திலிருந்தே. வாட்ஸ்அப்பில் உங்களிடம் கேட்டேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. கொஞ்ச நாள் பொறுத்து மறுபடி கேட்டேன், அதற்கும் நீல டிக்தான். சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன். குரூப்பில் இருக்கிற எல்லாரும் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்; தனியாக அனுப்பினால் பார்க்காத மாதிரி இருந்துவிடுவீர்கள், நாலு பேர் பார்க்க எழுதினால் அது அவ்வளவு சுலபமில்லை.

டிஎம் யார், கதை சொல்லி ஆட்டத்தை நடத்தப்போவது யார் என்றுதான் முதலில் கேட்பீர்கள். நான் இல்லை. பந்தலூர்த் தம்பி. பிளஸ் டூ படிக்கும்போது நம்மிடம் வந்தவன் இப்போது கோவையில் கல்லூரியில் இருக்கிறான். 2023 ஜனவரியில் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு அடிப்படை விதிகளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்களே, நானூறு பக்கம் இருக்கும் அந்த பிடிஎஃப், நம்மில் யாரும் அதை முழுதாகப் படித்ததில்லை, நீங்கள் உட்பட, மறுக்காதீர்கள். அவன் ஊருக்குப் போய்வருகிற பஸ்ஸிலேயே படித்து முடித்துவிட்டான். நீங்கள் அதிலிருந்து ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்த தாளைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு இன்னமும் அனுப்புகிறான். அதில் உங்கள் பெயரைப் போடச் சொன்னேன். "அண்ணாவுக்குப் பிடிக்காதுக்கா" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று இன்னும் எல்லாரும் பார்த்துப் பார்த்துத்தான் நடக்கிறோம், நீங்கள்தான் இல்லை.

உலகம் உங்களுடையது, அதை யாரும் மறுக்கவில்லை. 1880-ஐ ஒட்டி லண்டனில் கம்பெனிக்கு மேல் கம்பெனி ஆரம்பித்துப் பங்கு விற்று, தேவாலாவிலும் பந்தலூரிலும் இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கி, போட்ட காசுக்குத் தங்கம் கிடைக்காமல் சில வருடங்களிலேயே கைவிட்டுப் போன சுரங்கங்கள். அதற்குள் ஒரு டிராகனைக் குடிவைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தது நீங்கள்தான். டன்ஜன் என்கிற பாதாளக் குகை தேடி ஐரோப்பாவுக்குப் போகவேண்டாம், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது என்றீர்கள். எங்க பக்கம் அந்தக் குழிக்குள்ள மாடு விழுந்திருக்கு அண்ணா என்று தம்பி சொன்னதும், அதையும் ஆட்டத்தில் சேர்த்தீர்கள், அந்த மாடுதான் எங்களுக்கு வந்த முதல் பேய்.

ஆனால் சனிக்கிழமைதோறும் அந்தச் சுரங்கத்துக்குள் ஆளைச் சேர்த்தது யார்? யார் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு போட்டது, நமக்கு ஒன்பது என்றால் ஷார்ஜா அக்காவுக்கு ஏழரை என்று கணக்குப் பார்த்து ஞாபகப்படுத்தியது, 8:55-க்கு "இன்னைக்கு வரமுடியல, சாரி" என்று மெசேஜ் போடுகிறவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்ல" சொன்னது எல்லாம் யார்? ஒருவருக்கு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், ஒருவருக்குக் கோயில் திருவிழா, ஒருவர் வீட்டுப் பக்கத்தில் காட்டுமாடு நிற்கிறது என்று மொட்டைமாடிக்குப் போய் சிக்னல் பிடிக்கமுடியாது. இப்படிப்பட்டவர்களை வாராவாரம் அதே ஆறு பேராக உட்காரவைப்பது நடக்காத காரியம். அதனால்தான் அன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்களை வைத்து ஆடுவோம், ஒவ்வொரு இரவும் ஊரில் தொடங்கி ஊருக்கே திரும்பிவிட வேண்டும், அப்போது அடுத்த வாரம் யார் வராவிட்டாலும் கதை இடிக்காது என்று நான் சொன்னேன். மேப் வேண்டாம், டிஸ்கார்ட் ஆப்பில் குரல் மட்டும் போதும், மொபைல் டேட்டாவில் படம் ஏறாது என்றதும் நான்தான். கண்விழித்து வரைந்த மேப்பை ஓரம் வைக்கச் சொன்னதற்கு நீங்கள் முறைத்தது வீடியோ இல்லாமலே தெரிந்தது.

சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். சரி, சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன்.

நல்லதையும் சொல்கிறேன். முதல் நாள், ஆட்டமே தொடங்காமல் எது வேண்டும் எது வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோமே, அன்றைக்கு பெங்களூர்க்காரர் தன் கேரக்டர் நம் மலைப் பழங்குடியான குறும்பர், செய்வினை வைக்கத் தெரிந்தவர் என்று உற்சாகமாகச் சொன்னார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "எல்ஃப், ட்வார்ஃப், ஆர்க் எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க. இந்த மலையில இன்னைக்கும் வாழ்றவங்களைச் சூனியக்காரங்க ஆக்கவேண்டாம். அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தக் காலத்துல அவங்களைக் கொன்னிருக்காங்க" என்றீர்கள். அவருக்கும் கோபம் வராமல், மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி. எனக்கு அப்படிச் சொல்ல வந்திருக்காது, நான் சண்டை போட்டிருப்பேன். தம்பியின் அம்மா ஆன்லைன் விளையாட்டு என்றதும் ரம்மி என்று பயந்துபோய், காசு வைத்து ஆடுவதா என்று கேட்டபோது, நீங்களே போன் செய்து அரைமணி நேரம் பேசினீர்கள். அந்தம்மா கடைசியில் "பத்தரைக்குப் படுக்க அனுப்பிடுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்களாம்.

பத்தரைக்கு அனுப்பியிருந்தால் அந்த ஜூலை இரவு வந்திருக்காது.

கோத்தகிரியில் வெறும் சாரல்தான். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் நம் பக்கம் எட்டிப்பார்க்கும், நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. தம்பி மைக்கைத் திறக்கும்போதெல்லாம் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பாதி வார்த்தை கேட்கவில்லை. ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. இன்னும் ஒரே ஒரு கதவு என்று எல்லாரும் கெஞ்சி, நீங்களும் இறங்கிவந்து, கதவைத் திறந்தோம். தம்பியின் கேரக்டர் சுருளி விழுந்தான்.

ஆடாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்க்கணக்கு, பூஜ்யமாகி விழுந்த கேரக்டர், தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை ஒருதரம் உருட்டவேண்டும். 10-ம் அதற்கு மேலும் வந்தால் வெற்றி, கீழே வந்தால் தோல்வி. மூன்று வெற்றி முதலில் சேர்ந்தால் பிழைப்பான், மூன்று தோல்வி முதலில் சேர்ந்தால் செத்தான், எங்கள் மேசையில் செத்தால் செத்ததுதான். பக்கத்தில் போய் யாராவது வைத்தியம் பார்க்கலாம், ஆனால் நாங்கள் எல்லாரும் கதவுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தோம். தம்பி இரண்டு வெற்றி, இரண்டு தோல்வியில் நின்றான். இன்னும் ஒரே உருட்டு. 20-இல் 11 முகம் அவன் பக்கம், 9 முகம் சாவின் பக்கம்.

அப்போதுதான் பந்தலூரில் கரண்ட் போய், டவரும் போய், சேனலில் இருந்து அவன் பெயரே காணாமல் போனது.

காத்திருந்தோம். ஷார்ஜா அக்கா காலையில் டியூட்டி என்று ஞாபகப்படுத்தினார். லைன் போனவருக்குப் பதிலாகப் பட்டியலில் அடுத்த ஆள் உருட்டவேண்டும் என்பது எல்லாரும் சேர்ந்து போட்ட விதி. நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள்.

நான் பகடை உருட்டுகிற வர்க்கி டப்பா மூடியைப் பார்த்திருக்கிறீர்கள், உள்ளே பழைய கம்பளித் துண்டு ஒட்டியது. பகடை நீங்கள் வாங்கிக் கொடுத்த பச்சைதான், ஒரு மூலை மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். உருட்டினேன். மூடி விளிம்பில் பட்டு எகிறி, சிமெண்ட் தரையில் டக் டக்கென்று ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. குனிந்து கையை விட்டு எடுத்தேன். மறுபடி உருட்டினேன். "14" என்றேன்.

ரெண்டு தடவை சத்தம் கேட்டதே என்றீர்கள். முதல் தடவை வெளியே விழுந்துவிட்டது என்றேன். வெளியே விழுந்தது செல்லாது, திரும்ப உருட்டவேண்டும் என்பது நீங்களே போட்ட விதி. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள். அப்புறம், "கேமராவைப் போட்டுக் காட்டும்மா" என்றீர்கள்.

ம்மா வேறு.

டிஸ்கார்டில் தானாகப் பகடை உருட்டுகிற பாட் புரோகிராம் சும்மா கிடைக்கிறது, எண் எல்லார் கண்ணுக்கும் தெரியும், அதைப் போட்டுவிடலாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். வேண்டாம், கையால் உருட்டட்டும், சொல்கிற எண்ணை நம்புவோம், அதைக்கூட நம்பாமல் என்ன கூட்டம் என்று அடித்துச் சொன்னவர் நீங்கள். பெங்களூர்க்காரர் ஒரே இரவில் மூன்று தடவை நேச்சுரல் 20, பகடையின் உச்ச எண்ணையே, சொன்னபோது யாரும் கேமரா கேட்கவில்லை, நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்தக் கட்டிலில் யார் படுத்திருந்தார் என்று உங்களுக்குத் தெரியும். எந்த நிலையில் என்றும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவேண்டாம் என்று உங்களிடம் மட்டும் சொல்லியிருந்தேன். இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

உங்கள் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. அதற்கு முந்தின மாதம் ஷார்ஜா அக்காவின் கேரக்டர் செத்தபோது அவர் லைனிலேயே அழுதார், நீங்கள் அசையவில்லை. இரண்டு சத்தம் கேட்டதை அவரும் கேட்டிருப்பார். தம்பி என்றால் ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று அவர் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? டிஎம் என்றால் அந்த இடத்தில் கேட்கத்தான் வேண்டும். கேட்டது தப்பு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், அடுத்த நாள் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். நான் பதில் சொல்லாமல் வெளியேறியது உங்களை அத்தனை பேர் முன்னால் நிற்கவைத்த மாதிரிதான் ஆகிவிட்டது, அதற்கு வருத்தம் உண்டு, ஆனால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அந்த நிமிஷத்தில் அந்த அறையில் மைக்கும் திறந்திருக்க முடியாது.

நான் போன பிறகு, "14-ன்னா 14-தான். சுருளி பிழைச்சான்" என்று சொல்லி ஆட்டத்தை முடித்தீர்கள் என்று அக்கா சொன்னார். விடிந்ததும் பக்கத்து வீட்டு போனில் இருந்து தம்பி கூப்பிட்டான். ஹலோ கூட இல்லை, "செத்துட்டானாக்கா?" என்றான். "இல்லடா" என்றேன். அவன் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவது கேட்டது.

கட்டிலுக்கு அடியில் கிடந்தபோது பகடை என்ன காட்டியது என்று நீங்கள் கேட்கவே இல்லை. அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், செல்லாத உருட்டுதானே, சொல்வதில் என்ன. இப்போது கேட்காதீர்கள். சுருளியை இத்தனை நாள் உயிரோடு வைத்திருக்கிறவன் இதைப் படித்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு நான் சொன்னது 14, அது 14-தான்.

ஆவணியில் எங்கள் வீட்டில் நடந்ததற்கு முதலில் வந்து நின்றவர் நீங்கள். ஆம்புலன்ஸ்காரரிடம் பேசியது முதல் பதினாறாம் நாள் பந்திக்கு இலை வாங்கியது வரை. அம்மா இன்றைக்கும் உங்களைத்தான் கேட்கிறார். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள் போல, நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் உங்களுக்குச் சென்னை வேலை, வீடு மாற்றம், இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் பார்ப்போம். ஆட்டத்தை நிறுத்துகிறேன் என்று ஒருநாளாவது சொல்லியிருந்தால் நாங்கள் வேறு ஏற்பாடு செய்திருப்போம். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அந்தச் சேனலில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் உண்டு, நான் உட்பட.

இப்போது வேலை விஷயம். டிஸ்கார்ட் சர்வர் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. எனக்கு அட்மின் உரிமை கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் ஓனரை மாற்றுவது ஓனரால் மட்டும்தான் முடியும். செட்டிங்ஸில் உறுப்பினர் பட்டியலுக்குப் போய், தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் அழுத்தினால் உரிமையை மாற்றும் வழி வரும். அவன் பெயருக்கே மாற்றுங்கள், எனக்கு வேண்டாம், நான் இந்தத் தடவை வெறும் ஆட்டக்காரி, ஆர்க் பெண், கையில் கோடாலி, புத்திக்கான எண் எட்டுதான். நீங்கள் மாற்றாவிட்டால் புதிதாக ஒன்றைத் திறந்துகொள்வோம், பழைய பேச்செல்லாம் உங்களிடமே இருக்கட்டும். டிராகன் எதற்காக அந்தச் சுரங்கத்துக்கு வந்தது என்று நீங்கள் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, தம்பி தேடிப் பார்த்துவிட்டான். அதை அவனுக்கு இரண்டு வரியில் அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் அவனே ஒரு காரணம் வைத்துக்கொள்வான், அது உங்களுடையதைவிட நன்றாக இருந்தாலும் இருக்கும்.

உங்களுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறோம் என்று எழுதத்தான் நினைத்தேன். வைக்கவில்லை. ஐந்து பேருக்கு மேல் அவனால் இப்போதைக்குச் சமாளிக்க முடியாது. வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், 8:55-க்குச் சொல்லாதீர்கள்.