காணாமல் போவது சின்னம்தான், செயலி அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுக்கு வந்ததை அடுத்து, பழைய கணினிகளைத் தூக்கிப் போடாமல் அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பதிந்து பயன்படுத்தலாம் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பக்கம் சொன்ன யோசனையை ஏற்று நடந்தவர்களில் நானும் ஒருவன். சுங்கை சிப்புட்டை ஒட்டிய எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஐந்து கணினிகளைக் கேட்டு வாங்கி, லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் பதிந்தோம். இன்றுவரை அவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனால், திரை ஓரத்துப் பணிப்பட்டையில் (டாஸ்க்பார்) ஒரு செயலியின் சின்னம் (ஐகான்) தெரியவில்லை என்று கேட்ட வாசகருக்கு, செயலியை நீக்கி மீண்டும் பதியுங்கள், அதற்கும் சரிவராவிட்டால் லினக்ஸையே புதிதாகப் பதியுங்கள் என்று அதே பக்கம் அளித்த பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

காரணம், அந்த வழியில் நாங்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டோம். படம் வரையும் செயலியின் சின்னம் இருந்த இடத்தில் ஒரு நாள் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று நின்றது. பதறிப் போய்ப் பட்டணத்துக் கடை ஒன்றுக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனோம். எண்பது வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு அவர்கள் செய்ததெல்லாம் வட்டு முழுவதையும் துடைத்து மறுபடி பதிந்ததுதான். சின்னம் வந்தது; பிள்ளைகள் மூன்று மாதமாக எழுதி வைத்திருந்த கட்டுரைகள் போயின.

இரண்டாவது கணினியிலும் அதே கட்டம் தோன்றியபோது கடைக்குப் போகாமல் உள்ளே திறந்து பார்த்தோம். லினக்ஸில் ஏறக்குறைய ஒவ்வொரு செயலிக்கும் ‘டாட் டெஸ்க்டாப்’ என்று முடியும் சிறு எழுத்துக் கோப்பு ஒன்று உண்டு. செயலியின் பெயர் என்ன, எந்தக் கட்டளையால் அது திறக்கும், எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்பவை அதில் வரிக்கு ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். எங்கள் கோப்பில் ‘ஐகான்’ என்று தொடங்கும் வரி, பதிவிறக்கக் கோப்புறையில் கிடந்த ஒரு படத்தைச் சுட்டியது. வகுப்புத் தலைவி பொறுப்பாக அந்தக் கோப்புறையைப் பெருக்கித் துடைத்திருந்தாள்! படத்தை மீண்டும் எடுத்து, வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘டாட் லோக்கல்’, அதனுள் ‘ஷேர்’, அதனுள் ‘ஐகான்ஸ்’ என்று போய் ‘ஹைகலர்’ தொகுப்பில் உரிய அளவுக்கான இடத்தில் வைத்து, அந்த வரியில் பாதையை அழித்துவிட்டுப் படத்தின் பெயரை மட்டும், ‘டாட் பிஎன்ஜி’ போன்ற பின்னொட்டு இல்லாமல், எழுதினோம். வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் சின்னம் வந்துவிட்டது. நாம் தேர்ந்தெடுத்த சின்னத் தொகுப்பில் ஒரு படம் இல்லையென்றால் லினக்ஸ் பிறகு தேடிப் போகும் பொது இடம் இந்த ஹைகலர் என்பதால், அங்கே வைத்த படம் அலங்காரத் தொகுப்பை எத்தனை முறை மாற்றினாலும் காணாமல் போவதில்லை.

சின்னம் தொடர்பான தொல்லை இன்னொன்று உண்டு. பலரை உண்மையில் குழப்புவது அதுதான். பணிப்பட்டையில் பொருத்தி வைத்த சின்னம் இருந்த இடத்திலேயே இருக்க, அதை அழுத்தியதும் பக்கத்தில் படமில்லாத இன்னொரு சின்னம் முளைக்கும். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கிராணியாக (கணக்கெழுத்தராக) இருந்த எனக்கு இது விளங்க நேரமாகவில்லை. விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஆள் முன்னால் நிற்பார். ஆனால் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றாகவும் அடையாளக் கார்டில் இருக்கும் பெயர் இன்னொன்றாகவும் இருந்தால் யாருக்கு வரவு வைப்பது? அப்படித்தான், திறந்த சாளரம் தன் பெயரை ஒன்றாகச் சொல்ல, டெஸ்க்டாப் கோப்பு வேறொன்றை எதிர்பார்த்தால், பணிப்பட்டை இரண்டையும் ஓராள் என்று அறியாமல் புதிய சின்னத்தை வைத்துவிடுகிறது.

சாளரம் என்ன பெயர் சொல்கிறது என்பதை அறிய, கட்டளை தட்டும் சாளரமான முனையத்தைத் (டெர்மினல்) திறந்து ‘எக்ஸ்பிராப்’ என்ற கட்டளையைத் தட்டினால் சுட்டி சிலுவைக் குறியாக மாறும். அதைக் கொண்டு அந்தச் சாளரத்தின்மேல் அழுத்தினால் வரும் நீண்ட பட்டியலில் ‘டபிள்யூஎம் கிளாஸ்’ என்ற வரியில் மேற்கோள் குறிக்குள் இரண்டு பெயர்கள் இருக்கும். பெரும்பாலும் இரண்டாவதை எடுத்து, டெஸ்க்டாப் கோப்பில் ‘ஸ்டார்ட்அப் டபிள்யூஎம் கிளாஸ்’ என்ற வரியில் அப்படியே எழுதினால் போதும். இந்தத் திருத்தத்தைக் கணினியின் பொதுக் கோப்பில் செய்தால் அடுத்த மேம்படுத்தலில் அடித்துக்கொண்டு போய்விடும்; ஆகவே கோப்பை அதே பெயரில் நம் வீட்டுக் கோப்புறையின் ‘அப்ளிகேஷன்ஸ்’ பகுதிக்குப் படியெடுத்து அங்கே திருத்த வேண்டும். இரண்டில் நம்முடையதையே லினக்ஸ் முதலில் மதிக்கும். லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவைப் பயன்படுத்துவோரிடம் இப்போது வேலேண்ட் என்ற புதிய சாளர முறை இருப்பதால் எக்ஸ்பிராப் பல சாளரங்களைக் காணாது. அங்கே டெஸ்க்டாப் கோப்பின் பெயரே செயலி சொல்லும் அடையாளத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

கடிகாரத்தின் அருகே வரும் சிறு சின்னங்களின் கதை வேறு. லினக்ஸின் திரைமுகங்களில் ஒன்றான க்னோம், அவை நின்ற பழைய தட்டை (ட்ரே) 2017-இல் தன் 3.26 பதிப்பில் கழற்றிவிட்டதால், அங்கே அதற்கென நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்றைச் சேர்த்தால்தான் அவை தெரியும். கோப்பைத் திருத்திப் பயனில்லை.

தங்கள் கணினிப் பக்கத்தை எழுதுவோர், மீண்டும் பதியுங்கள் என்று சொல்லுமுன் அந்த ஒரு கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூடவே இன்னொன்று: விளக்கம் எவ்வளவு நல்ல தமிழில் இருந்தாலும், கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒரு கட்டத்துக்குள் ஆங்கில எழுத்திலேயே அச்சிடுங்கள். லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கொள்ளும். நான் இக்கடிதத்தில் செய்திருப்பதுபோல் ஒலிபெயர்த்துப் போட்டால், படித்துப் புரிந்துகொள்ளலாமே தவிர பிள்ளைகளால் அதைப் பார்த்துத் தட்ட முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.