எழுதியவர் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழங்குடி ஓவியங்கள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை, ஏழு வண்ணப் படங்களும் அருமையான அச்சு. கட்டுரையாளர் பெயர் தலைப்புக்குக் கீழே இருக்கிறது. புகைப்படம் எடுத்தவர் பெயர்கூட ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஓவியம் யாருடையது என்பதுதான் ஒரு படத்திலும் இல்லை. 'கோண்டு ஓவியம், மத்தியப் பிரதேசம்', 'வார்லி ஓவியம், மகாராஷ்டிரம்', அவ்வளவுதான். அதே இணைப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு நவீன ஓவியரின் கண்காட்சிச் செய்தி. அங்கே படத்தின் தலைப்பு, வரைந்தவர், ஆண்டு எல்லாம் உண்டு.

'இவை சமூகத்தின் கலை, தனியாளுக்குச் சொந்தமில்லை' என்று கட்டுரை ஒரு வரியில் கடந்துபோகிறது. சுவரில் இருந்தவரை அது சரி. வார்லி பழங்குடியினர் வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் அரிசி மாவைக் கரைத்து, நுனியை மென்று தூரிகையாக்கிய மூங்கில் குச்சியால், செம்மண் பூசிய சுவரில் பாலகாட் தேவியின் சௌக்கை, அதாவது அவளுக்கான சதுரச் சித்திரத்தைப் போடுவார்கள். பிகாரின் மிதிலைப் பகுதியில் மணமக்கள் அறைச் சுவரில் கோஹ்பர் என்ற கல்யாணச் சித்திரம். சடங்குக்காகப் போட்டதன் ஓரத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

ஆனால் 1966-67இல் பிகாரில் வறட்சி வந்தபோது, பெண்களுக்கு வருமானம் கிடைக்கட்டும் என்று அகில இந்தியக் கைவினை வாரியம் ஓவியர் பாஸ்கர் குல்கர்ணியிடம் காகிதம் கொடுத்து மிதிலையின் மதுபனிக்கு அனுப்பியது. காகிதத்துக்கு வந்ததும் படம் விலைக்கு வந்துவிட்டது. விலைக்கு வந்த பிறகும் 'சமூகத்தின் கலை' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்குச் சௌகரியம்? கேட்காமல் அச்சடிப்பவருக்குத்தான். என் வீட்டிலேயே ஒரு மேஜை விரிப்பு இருக்கிறது. வார்லி டிசைன் என்று சொல்லி விற்றார்கள். அதில் இருப்பது தார்ப்பா என்ற ஊதுகருவிக்கு ஆடும் வார்லி ஆட்டம். ஆடுகிறவர்கள் தார்ப்பா ஊதுபவருக்கு முதுகு காட்டுவதில்லை என்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். விரிப்பில் பாதிப் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கோண்டு படத்துக்கு வருகிறேன். உங்கள் மூன்றாவது படத்து மானைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகள். கழுத்தில் நெருக்கம், வயிற்றில் கொஞ்சம் விலகல், ஒன்றுகூட அடுத்ததைத் தொடவில்லை. கோண்டு ஓவியர்கள் இப்படி உடம்பை நிரப்புவதில் தமக்கென்று ஒரு முறை வைத்திருப்பார்கள். ஒருவருக்குப் புள்ளி, இன்னொருவருக்கு மீன் செதில். விஷயம் தெரிந்தவர்கள் பெயரைத் தேடாமலே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று, நீங்கள் 'தொன்றுதொட்டு' என்று எழுதியிருக்கும் அந்தப் பாணியே ஒருவரிடமிருந்து கிளம்பியதுதான். கோண்டு வீட்டுச் சுவரில் போடும் திக்னா என்ற கோலங்கள் பழையவை, சரி. ஆனால் காகிதத்திலும் கேன்வாஸிலும் நாம் இன்று பார்க்கும் கோண்டு ஓவியம் பாடன்கட் கிராமத்து ஜன்கட் சிங் ஷ்யாமிடம் தொடங்கியது. போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்காக ஓவியர் ஜெ. சுவாமிநாதன் அனுப்பிய குழு, 1980களின் தொடக்கத்தில் அவர் சுவர்ச் சித்திரத்தைப் பார்த்து அவரை அழைத்துவந்தது. அந்தப் பாணிக்கு 'ஜன்கட் கலம்' என்ற பெயரும் உண்டு (கலம் என்றால் இந்தியில் எழுதுகோல்). 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் வரையப் போன இடத்தில் இறந்துபோனார். அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. வார்லிக்கு இதேபோல் ஜிவ்யா சோமா மாஷே, 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர். இந்த இரண்டு பெயரும் இல்லாமல் நான்கு பக்கக் கட்டுரை எப்படி வந்தது என்று புரியவில்லை. மதுபனிக்கும் வார்லிக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததை எழுதியிருக்கிறீர்கள். அது வட்டாரத்துக்குக் கிடைத்த பெயர், வரைந்த ஆளுக்கு அல்ல.

மிதிலைப் பெண்கள் கோஹ்பரை 'வரைகிறோம்' என்று சொல்வதில்லை, 'எழுதுகிறோம்' என்பார்கள். குஜராத்தில் ராட்வா பழங்குடி மக்களின் பிதோரா என்ற சடங்குச் சுவரோவியத்தைப் போடுபவருக்கு லக்காரா என்று பெயர், எழுதுபவர் என்று பொருள். நம் மொழியிலும் சித்திரம் எழுதுவதுதானே வழக்கம்? அப்புறம், எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு கதையையோ கவிதையையோ நீங்கள் போடுவீர்களா?

அடுத்த இணைப்பில் அந்த ஏழு பெயர்களையும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். முடியாவிட்டால், மூன்றாவது படத்து மானை எழுதியவர் யார் என்று மட்டுமாவது விசாரித்து எனக்கு ஒரு வரி தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை