தண்ணீர்ப்பந்தல் போடும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று, முள்ளியவளை வீதிகளில் பந்தல் போடும் கழகத்துத் தம்பி தங்கச்சிமாருக்கு,

வைகாசி வெயிலில் நடந்து வரும் சனத்துக்கு நீங்கள் ஊற்றும் மோரையும் சர்பத்தையும் குறை சொல்ல வரவில்லை. ஜீவனி, அதாவது வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோசுப் பொட்டலம் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு பந்தலில், வயிற்றோட்டத்தால் களைத்து வந்த ஆச்சிக்குச் சத்து ஏறட்டும் என்று ஒரு லீற்றர்ப் பொட்டலத்தை அரைப் போத்தல் தண்ணீரில் கொட்டி, மேலே இரண்டு கரண்டி சீனியும் போட்டுக் கொடுத்தார்கள். ஏன் கூடாது என்று கலமென்சவ்வு வரை போய்ச் சொன்னால்தான் விடுவீர்கள்.

குடற்கலத்தைச் சுற்றி இரட்டைக் கொழுப்புப் படை, அதுதான் கலமென்சவ்வு. ஒட்சிசன் அதனூடே தானாகப் பரவிவிடும். சோடியமும் குளுக்கோசும் அப்படிப் போகா. அவற்றுக்குப் புரதத்தாலான வழி வேண்டும். சிறுகுடலில் உள்ள அந்த வழி பொல்லாத கண்டிப்பு: இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். 1960இல் உயிர் இரசாயன அறிஞர் றொபேட் கிரேன் இந்தக் கூட்டுக் கடத்தலை முன்வைத்தார். வாந்திபேதி வந்த குடலிலும் அது வேலை செய்யும். கலத்தின் மறுபக்கத்தில் இன்னொரு புரதம் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். மேட்டுக் காணிக்கு மெசின் பூட்டி இறைப்பது போல, அதற்குச் சக்தி எரியவேண்டும். இதனால் கலத்துக்குள் சோடியம் எப்போதும் குறைவு. குடலில் இருந்து மேலும் மேலும் வரும். உப்பும் சீனியும் போன பக்கம் தண்ணீரும் போகும். ஐதான பக்கத்தில் இருந்து தடித்த பக்கத்துக்குத் தண்ணீர் இப்படி நகர்வதுதான் பிரசாரணம்.

கரைசல் தடித்தால் அதே பிரசாரணம் மறுபக்கம் இழுக்கும். உடம்பின் தண்ணீர் குடலுக்குள் வரும், வயிற்றோட்டம் கூடும். 2002இல் உலக சுகாதார நிறுவனமே கரைசலை முன்னையதைவிட ஐதாக்கியது: லீற்றருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். (கடல்நீரில் உப்பு லீற்றருக்கு 35 கிராமளவு. சிலாவத்தைக் கடலில் எடுக்கும் தீர்த்தம் அம்மனுக்கு விளக்கெரிக்கத்தான்!)

ஆகவே பொட்டலத்தில் எழுதிய அளவு கொதித்தாறிய தண்ணீர், குறையாமல். சீனி வேண்டாம். கரைத்தது 24 மணித்தியாலம் தாண்டினால் கீழே ஊற்றிவிடுங்கள். ஜீவனி முடிந்துபோனால் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி உதவும். அதன் மாப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைந்து அதே வழியால் போகும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்கு ஏற்றுங்கள்.

ஒரு லீற்றர்ப் போத்தல் ஒன்றில் கோடு போட்டு, பந்தல் கம்பில் கட்டிவிடுங்கள். யார் கரைத்தாலும் அதிலேயே அளக்கட்டும்.

அன்புடன்,
முள்ளியவளையில் இருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்