செந்தில் கொண்டுவந்த மனு

டேய் பழனி,

பதில் போடவில்லை என்று திட்டியிருந்தாய், சரி, வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம், அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

பவளத்தானூர் இலங்கை அகதிகள் முகாம்காரர்களுக்கு நம்ம பக்கம் வீடு கட்டித் தரக் கூடாதென்று தெருவில் ஒரு மனு சுற்றுகிறது. தூக்கிக்கொண்டு அலைவது யார் தெரியுமா? நம்ம செந்தில்! "நமக்கே தறி ஓடல, இதுல அகதிக்கு வீடா" என்கிறான். தறி ஓடாதது உண்மைதான். தாரமங்கலத்தில் எங்கள் தெருவிலேயே பாதிப் பட்டறை பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டுக்காரர் நாலு தறியையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார், தறியில் நூல் ஓட்டுகிற நாடாவை மட்டும் பேரன் விளையாட வைத்துக்கொண்டார். ஆனால் நூல் விலை ஏறினதுக்கும் முகாமுக்கும் என்னடா சம்பந்தம்?

நீ அனுப்பிய ரியாச்சே கதையையும் சொல்லிப் பார்த்தேன். இத்தாலியில் ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்த ஊர், 1998இல் குர்துகள் படகில் வந்து இறங்க, பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்துவிட்டார்கள் என்று. "அங்க வீடு காலி, இங்க என்ன காலி?" என்று மடக்கினான். நியாயமான கேள்விதான். அந்த ஊர் மேயர் லுகானோவை 2018இல் கைது செய்ததையும் தேடிப் பிடித்துச் சொன்னான், பயல் போனில் இதைத்தான் பார்க்கிறான் போல.

ஆனால் இங்கே யார் புதிதாக வருகிறார்கள்? 1983க்கு அப்புறம் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்து படித்து வேலைக்கும் போகிறார்கள், பலருக்கு இன்னும் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. 2021இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆக்கினார்கள். அதிலா நம்மை விழுங்கிவிடுவார்கள்?

பொங்கலுக்கு செந்தில் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தது முகாம் பையன்தான். சாரத்தில் நின்றுகொண்டு, ஜன்னல் கம்பியில் ஒரு சொட்டு விழுந்தாலும் பழைய வேட்டித் துணியால் துடைத்துத் துடைத்து அடித்தான். பேசின கூலியில் இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டான் செந்தில். முகாம்காரன் எங்கே போய்க் கேட்பான் என்ற தைரியம். எனக்கு வயிறு எரிந்தது அங்கேதான்.

உன் வீட்டிலும் செந்தில் வீட்டிலும் இன்னமும் கன்னடம்தானே? "உன் பாட்டன் தறியோடு வந்து இறங்கினப்போ யாராவது மனு போட்டாங்களாடா" என்று அவனிடம் கேட்டுவிட்டேன், அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நீ சொன்னால் கேட்பான், ஒரு போன் போடு. மனுவைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் அந்தப் பையனின் இருநூறைக் கொடுக்கச் சொல்.

உன்,
ராஜா