ஒரே காரில் இரண்டு கட்சி

போலந்து, ஒஹையோ
நவம்பர் 10, 2024

அன்புள்ள கதிருக்கு,

தீபாவளி அன்று போனில் உன்னிடம் கத்தியது தப்பு. "உன்னை இப்படியா வளர்த்தோம்" என்று கேட்டது அதைவிடப் பெரிய தப்பு. அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதிரசத்தைக்கூட டப்பாவோடு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

ஆஸ்டினுக்குப் போன மூன்று வருடத்தில் நீ கன்சர்வேட்டிவ் ஆகி ரிபப்ளிகன் பக்கம் போய்விட்டாய் என்றதும் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. வரி, எல்லை, துப்பாக்கி, பேச்சுரிமை என்று நீ அடுக்கினாய். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் வைத்திருந்தேன். டிவியில் உட்கார்ந்து சண்டை போடுகிறவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

சரி, அதை விடு. செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு நான் தேர்தல் அன்று பூத் வேலைக்குப் போவது உனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்குச் சர்ச் ஹாலில் இருக்க வேண்டும். ஆறரைக்குத் திறந்து இரவு ஏழரைக்கு மூடுவார்கள். ஒஹையோவில் ஒரு விதி உண்டு: பூத்தில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. உறுப்பினர் அட்டையெல்லாம் இங்கே கிடையாது. கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்குகிறோமோ, அதுதான் நம் கட்சி. அந்தக் கணக்கில் நான் டெமாக்ரட். என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ரிபப்ளிகன்; பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, வயது 69.

ஹாலுக்குள் அரசியல் பேசக் கூடாது. வெளியே நூறு அடி தூரத்தில் இரண்டு சின்னக் கொடிகளை நட்டு வைத்திருப்போம். அதைத் தாண்டி உள்ளே வந்தால் வேட்பாளர் பெயர் போட்ட தொப்பியோ சட்டையோ இருக்கக் கூடாது. டிரம்ப்பின் சிவப்புத் தொப்பி போட்டு வந்த ஒரு பெரியவரிடம் அந்த அம்மாதான் போய்க் கழற்றச் சொன்னார். மறுபக்கத்து டீ-ஷர்ட்டோடு வந்த கல்லூரிப் பெண்ணிடம் கோட்டு ஜிப்பை மேலே இழுத்துக்கொள்ளச் சொன்னது நான். இருவரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை, தானாகவே அப்படி அமைந்தது. நாள் முழுக்கப் பேரக்குழந்தைகள், முழங்கால் வலி, அவர் கொண்டுவந்த பியரோகி இவைதான் பேச்சு. (பியரோகி, கொழுக்கட்டைக்கு அக்கா மகள். உள்ளே உருளைக்கிழங்கு.)

இரவு முத்திரை வைத்த பைகளை யங்ஸ்டவுன் தேர்தல் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். கட்சிக்கு ஒருவராக இருவர் சேர்ந்துதான் போக வேண்டும். என் கார். இடையில் எங்கும் நிற்கக் கூடாது. கார் கிளம்பியதும் அவரே ஆரம்பித்தார்: "இப்போது ஹாலை விட்டு வெளியே வந்துவிட்டோம். சொல்லுங்கள், நீங்கள் ஏன் டெமாக்ரட்?"

முதலில் நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

அவர் வளர்ந்த வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள் இருக்குமாம். ஒன்று போப், இன்னொன்று டெமாக்ரட் ஜனாதிபதி கென்னடி. அப்பா கேம்பெல் எஃகு ஆலையில் வேலை. 1977 செப்டம்பர் 19, ஒரு திங்கட்கிழமை, ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போனது. இந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் கருப்புத் திங்கள் என்றுதான் சொல்வார்கள், நீ பள்ளியில் படித்திருப்பாய். அன்று அவருக்கு 22 வயது. அப்பா மதியமே வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அப்படியே சிங்க்கில் வைத்தாராம். "அந்த டப்பாதான் எனக்கு ஞாபகம்" என்றார். ஆற்றுப் பக்கம் இருட்டில் கை காட்டி, "அதோ அங்கே" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்பா கடைசிவரை டெமாக்ரட்டாகவே ஓட்டுப் போட்டுச் செத்தார். மகளுக்கு 1993இல் டெமாக்ரட்டான கிளிண்டனே மெக்சிகோ, கனடாவோடு செய்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்துக்கான சட்டத்தில் கையெழுத்திட்டபோதே மனம் விட்டுப்போயிற்று. "எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்" என்றார். இருந்தாலும் 2016 மார்ச் பிரைமரியில்தான் முதல் தடவையாக ரிபப்ளிகன் சீட்டைக் கேட்டாராம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கூடப் படித்த தோழி. "அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வந்து கேட்பாரோ என்று பயமாக இருந்தது." அவர் மட்டும் இல்லை, இந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அன்று ஆயிரக்கணக்கானோர் அப்படிக் கட்சி மாறினார்கள். 2012இல் ஒபாமாவுக்கு 60 சதவீதத்துக்கு மேல் கொடுத்த கவுண்டி 2020இல் டிரம்ப்பிடம் போனது. அதற்கு முன் இங்கே ரிபப்ளிகன் ஜெயித்தது 1972இல், நிக்சன்.

"சரி, ஆலை திரும்பி வந்ததா?" என்று கேட்டேன். "இல்லை. லார்ட்ஸ்டவுன் கார் ஆலையும் 2019இல் போயிற்று. ஆனால் ஒருவர் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் அல்லவா?" இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டிக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன வருடம் நவம்பரில் கருக்கலைப்பு உரிமையை ஒஹையோ அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு வந்ததே, அதைக் கேட்டேன். இவர் ஞாயிறு தவறாமல் கத்தோலிக்க சர்ச்சுக்குப் போகிறவர். "அதில் எப்படிப் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள். முப்பது வருடம் அந்த வார்டில் நின்றவள் நான்" என்றார். அப்புறம் சிக்னல் ஒன்று தாண்டும்வரை பேசவில்லை. அந்த வாக்கெடுப்பு ஏறக்குறைய 57 சதவீதத்தில் ஜெயித்தது. அதே மாநிலம் இந்தச் செவ்வாயன்று டிரம்ப்புக்கு 55 சதவீதம் கொடுத்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துப் போட்டவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

அடுத்து என் முறை. என் பள்ளிக்கூட மதிய உணவைச் சொன்னேன். புதுக்கோட்டைப் பக்கத்துப் பஞ்சாயத்துப் பள்ளி, 1970 வாக்கில். மஞ்சள் சோள மாவு உப்புமா, சில நாள் பால் பவுடர் கரைத்த பால். அந்த உப்புமாவுக்காகவே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் உண்டு, நானும் ஒருவன். சர்க்கார் நினைத்தால் ஒரு பிள்ளையின் வயிற்றை நிரப்ப முடியும் என்று அன்று மனதில் பதிந்தது போகவே இல்லை; 2008இல் குடிமகனாக முதல் ஓட்டுப் போட்டபோதும் அதுதான் கூட வந்தது என்றேன்.

"சோளமா? உங்கள் ஊரில் விளைந்ததா?" என்றார்.

இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்தது, கேர் என்ற தொண்டு நிறுவனம் வழியாக. சாக்கில் இரண்டு கைகள் குலுக்குகிற படம் இருக்கும், உன் அப்பத்தா அந்தச் சாக்கில்தான் எனக்குப் புத்தகப் பை தைத்துக் கொடுத்தாள் என்றேன். (அப்பத்தா விஷயம் அவருக்கு எதற்கு? சொல்லிவிட்டேன்.)

"அப்படி உணவு அனுப்பியது எந்த ஜனாதிபதி காலத்துச் சட்டம்?" என்றார்.

கென்னடியாக இருக்கும் என்றேன். வீட்டுக்கு வந்து தேடினால், 1954இல் கையெழுத்திட்டவர் ஐசன்ஹோவர். ரிபப்ளிகன்! கென்னடி வந்து அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மறுநாள் அந்த அம்மாவுக்கு உண்மையைச் செய்தியாக அனுப்பினேன். பதிலுக்கு ரிபப்ளிகன் சின்னமான யானையின் படம் மட்டும் வந்தது.

எதிர்வீட்டம்மாவை உனக்குத் தெரியும், வாசலில் டெமாக்ரட் கட்சியின் நீலப் பலகை வைப்பவர். அவர் மகன் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தவன். ஏற்கெனவே இருக்கும் நோய் என்று இன்சூரன்ஸ் எடுக்க முடியாமல் அலைந்தார்கள், 2010இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வரும்வரை. லிபரல் என்றால் என்ன என்று அவரைக் கேட்டால் அந்தப் பையனின் மார்புத் தழும்பைத்தான் சொல்வார். அதே சட்டத்தில்தான் நீ 26 வயதுவரை என் இன்சூரன்ஸில் இருந்தாய். சொல்லிக் காட்டவில்லை. சரி, கொஞ்சம் சொல்லிக் காட்டுகிறேன்.

சிவப்பு, நீலம் என்றதும் நினைவு வருகிறது. ரிபப்ளிகனுக்குச் சிவப்பு என்று நிலைத்ததே 2000 தேர்தலுக்குப் பிறகுதான். "கதிர் சிவப்புப் பக்கம் போய்விட்டான்" என்று ஊருக்குப் போன் செய்து சொன்னால், பெரியப்பா தோழர் என்று உனக்கு மாலை போட்டுவிடுவார்.

கதிர், இந்த வாரம் முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நீ கல்லூரி விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தபோது, இனம் கேட்கும் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டாய். ஆசியர் என்று தெரிந்தால் இடம் கிடைக்காதோ என்று பயந்து கூடப் படித்த ஆசியப் பையன்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றாய். நாம் என்ன திருடர்களா, நிரப்பு என்றேன். 2015 மார்ச்சில் நீ ஆசைப்பட்ட கல்லூரி இல்லை என்று சொல்லிவிட்டது. பரவாயில்லை, ஒஹையோ ஸ்டேட் நல்ல இடம் என்று சொல்லிவிட்டுப் பனி தள்ளப் போனேன். திரும்பி வந்தபோது உன் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

அப்புறம் 2023 ஜூனில், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன அன்று நீயாகவே போன் செய்தாய். நான் அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். எனக்கு இஞ்சினியரிங் சீட் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில்தான் கிடைத்தது, அது இல்லாவிட்டால் நீ ஏது, இந்த வீடு ஏது என்றேன். நான் சொன்னதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீ அன்று தீர்ப்பைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டாயா? அந்தக் கட்டத்தைப் பற்றியா? வேறு ஏதாவதா? நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ டிக்கெட் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். 27ஆம் தேதி பிட்ஸ்பர்க் ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். வீட்டுக்கு ஒரு மணி நேரம் கார். ரேடியோவை அணைத்து வைக்கிறேன். அம்மா வேண்டாம், காரில் நாம் இருவர் மட்டும்.

அன்புடன்,
அப்பா