ஒரு டப்ளட் வளையத்தை இங்கே விட்டுவையுங்கள்

இலங்கைப் புகையிரதத் திணைக்களப் பொது முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். 1927 இல் திறந்த எங்கள் திருகோணமலைப் பாதையில், தண்டவாளம் மாற்றிவிடும் பொயின்ற்ஸ்மனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பென்சன் விசயமாக எழுதவில்லை, பயப்படவேண்டாம். கேட்பது ஒரு பழைய வளையம்.

கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று வருகிற ஒற்றைப் பாதை இது. எதிரெதிரே இரண்டு கோச்சி வந்துவிடாமல் காத்தது டப்ளட்தான், அதாவது பாதையில் போக அனுமதியாக ட்ரைவரிடம் கொடுக்கும் வட்ட வில்லை. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேசனிலும் கம்பியால் தொடுத்த இயந்திரங்கள் இருக்கும். ஒரு வில்லையை வெளியே எடுத்தால், அது ஏதாவதொரு இயந்திரத்துக்குள் திரும்பப் போகும்வரை இன்னொன்று வராது. வில்லை கைக்கு வராமல் ட்ரைவர் ஓர் அடி நகரமாட்டார். அதைத் தோல் பையில் போட்டு, பை தொங்கும் பெரிய வளையத்தைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை.

இரவு மெயிலுக்கு ஒரு கையில் விளக்கு, மறுகையில் வளையம். என்ஜின் வெளிச்சத்தில் கண் கூசும். உதவி ட்ரைவர் பழைய வளையத்தை வீசிவிட்டு, கையை மடக்கி என் வளையத்துக்குள் கொடுப்பார். கொஞ்சம் பிசகினால் அவர் முன்னங்கை ஒரு கிழமைக்குக் கன்றிப்போயிருக்கும்.

ஒருமுறை அவர் பிடிக்குமுன் விட்டுவிட்டேன். எந்த ஸ்டேசன் என்று சொல்லமாட்டேன், பிழை என்னுடையது. வளையம் தொட்டாச்சிணுங்கிப் பற்றைக்குள். கார்ட், உதவி ட்ரைவர், நான், மூன்று பேரும் முள் கீறக் கீறத் தேடினோம். ஜன்னலால் ஓர் ஆச்சி எட்டிப்பார்த்து, "என்ன தம்பி, தாலியைத் தொலைச்சிட்டியளோ?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

அப்புறம் சீனக்குடா. மா மூட்டை ஏற்றும் நாளில் பெடியன்களின் கண் இமைகூட வெள்ளையாக இருக்கும். பிளேன்ரீ குடிக்க வந்தால் யார் யாரென்று குரலை வைத்துத்தான் பிடிப்போம்.

கண்டிப் பக்கம் கடுகண்ணாவையில் 2014 இல் நீங்கள் திறந்த புகையிரத அருங்காட்சியகம் நல்லதுதான். ஆனால் பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் வர எங்களுக்கு ஒரு நாள் போதாது. பழைய சாமான்கள் இரும்பு விலைக்குப் போகும் நாளில், ஓர் இயந்திரத்தையும் வளையத்தையும் திருகோணமலை ஸ்டேசனிலேயே விட்டுவையுங்கள். கண்ணாடிக்குள் பூட்டவேண்டாம், இயந்திரத்தின் மணியைப் பிள்ளைகள் அடித்துப் பார்க்கட்டும். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கும்தான். கிழமைக்கு ஒருதரம் எண்ணெய் போட நான் வருகிறேன், வீடு நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொயின்ற்ஸ்மன் ஒருவன்,
திருகோணமலை